அடுப்படியில் எஞ்சும் உயிர்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழிலே 'எச்சம்' என்றொரு சொல் உண்டு. எஞ்சி நிற்பது எச்சம். ஒருவர் தமக்குப் பின்னே விட்டுச் செல்லும் மக்களையும் புகழையும் பழைய நூல்கள் எச்சம் என்று கூறும். பறவை இடும் கழிவுக்கும் அதே பெயர்தான். பள்ளியில் இலக்கணம் படித்தவர்கள் பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் மறந்திருக்க மாட்டார்கள். 'வந்த' என்று சொல்லி நிறுத்தினால், வந்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறது. 'வந்து' என்றால், வந்து என்ன செய்தார் என்று கேட்கிறோம். முற்றுப் பெறாமல், தனக்கு அடுத்து வரும் சொல்லை எதிர்பார்த்து நிற்பதையே இலக்கணகாரர் எச்சம் என்றனர்.

கழிவு, சந்ததி, முற்றுப் பெறாத வினை ஆகிய மூன்றையும் ஒரு சொல்லாலே குறித்த மொழி நம்முடையது. அப்படிப்பட்ட மொழியைப் பேசுகின்ற நாம், மரக்கறி வெட்டியபின் அடுப்படியில் மிஞ்சுவதை மட்டும் கஞ்சல் என்று அள்ளிக் கொட்டிவிடுகிறோம். அந்தக் கஞ்சலுக்குள்ளே மீண்டும் முளைக்கக் கூடியது எது, முளைக்காதது எது, அதற்குக் காரணம் என்ன என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இது கமக்காரர் நிகழ்ச்சிக்கு உரிய பொருளல்லவா, இலக்கியத் தொடரில் இதற்கென்ன வேலை என்று சிலர் எண்ணலாம். ஆனால் இந்த அறிவு எந்த ஏட்டிலும் எழுதி வைக்கப்படுவதற்கு முன்னரே சொற்களில் எழுதி வைக்கப்பட்டுவிட்டது. சொற்களைத் துலக்கினால் பொருளும் துலங்கும்.

முதலாவதாக 'கண்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். உருளைக்கிழங்கின் மேலே சிறு குழிகள் இருக்கின்றன. அவற்றைக் கண் என்கிறோம். இஞ்சித் துண்டின் நுனியிலே புடைத்து நிற்கும் முனையும் கண்தான். தேங்காய்க்கு மூன்று கண்கள். இரண்டு இறுகிக் கிடக்க, மென்மையான ஒரு கண்ணின் வழியாகவே முளை வெளிவருகிறது. கரும்பிலும் மூங்கிலிலும் உள்ள கணுவுக்கும் 'கண்' என்ற பெயர் உண்டென்பதை அகராதிகள் காட்டும். இன்றைய பாடநூல்கள் 'அரும்பு' என்று சொல்வது இதைத்தான். ஒரு முழுத் தாவரமாகும் ஆற்றல் உறங்கிக் கிடக்கும் இடமே கண். கண் உள்ள துண்டை மண்ணில் வைத்தால் முளைக்கும். கண் இல்லாத துண்டு அநேகமாக அழுகிப் பசளையாகும். அடுப்படித் தோட்டத்தின் சூத்திரம் இவ்வளவுதான்.

இந்தச் சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிழங்குகளைப் பார்ப்போம். உருளைக்கிழங்கு மண்ணுக்கடியில் கிடந்தாலும் அது வேரன்று. உணவு சேமித்துப் பருத்த தண்டு. இஞ்சியும் மஞ்சளும் அவ்வாறே நிலக்கீழ்த் தண்டுகள். தண்டுக்குக் கண் உண்டு. ஆகவே இவை துண்டிலிருந்து முளைக்கின்றன. மரவள்ளியோ வேர்க்கிழங்கு. தண்டின் பகுதி ஒட்டியிராத மரவள்ளிக் கிழங்கைப் புதைத்து வைத்து எத்தனை மாதம் தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை. அதனாலேதான் கமக்காரர் கிழங்கைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுத் தடியை நிழலில் சார்த்தி வைக்கின்றனர். மரவள்ளியின் எச்சம் அதன் தடியிலே இருக்கிறது.

வற்றாளங்கிழங்கும் வேர்தான். ஆயினும் அது ஒரு விதிவிலக்கு. வேரிலிருந்தே புதிய முளைகளைத் தோற்றுவிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஒரு கிழங்கைப் பாதியளவு ஈரமணலில் புதைத்து வைத்தால் பல முளைகள் கிளம்பும். அவை ஒரு சாண் வளர்ந்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து நடலாம். கொடி படர்ந்தபின் கொடியையே வெட்டி நட்டுக்கொள்ளலாம். கொழுந்து இலை வறைக்கும் உதவும். இராசவள்ளியை வெட்டும்போது கொடி தொடங்கும் தலைப்பகுதியை நாலு விரல் அளவுக்கு விட்டு வெட்டிச் சாம்பல் பூசி வைப்பதை ஊரிலே பலர் கண்டிருப்பீர்கள். உடல் கஞ்சிக்கு, தலை மண்ணுக்கு என்பது அந்த அடுப்படியின் சட்டம்.

இஞ்சியை நடுவது இலகு. இரண்டு கண்ணாவது உள்ள துண்டாக முறித்து, வெட்டுவாய் காயும்படி ஒருநாள் நிழலில் வைத்து, இரண்டு அங்குல ஆழத்தில், கண் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். நீர் தேங்கினால் அழுகும். எட்டு முதல் பத்து மாதத்தில் இலை மஞ்சளித்துச் சாயும்போது கிண்டலாம். உருளைக்கிழங்கு விடயத்தில் ஓர் எச்சரிக்கை. அது முளைக்கும், ஆனால் எங்கும் கிழங்கு வைக்காது. இரவுக் குளிர் இல்லாத இடத்தில் செடி செழித்து வளர்ந்து இலையோடு நின்றுவிடும். மலைநாட்டிலும், யாழ்ப்பாணத்தில் கார்த்திகை தொடக்கம் மாசி வரையுமே அது சரிவருகிறது. மேலும், முளைவிட்டுப் பச்சை பிடித்த கிழங்கைக் கறிக்கு எடுக்கக் கூடாது. அதில் சொலனின் என்னும் நஞ்சு கூடியிருக்கும்.

இனி, தொடர்மாடியில் இருப்பவருக்கும் கைகொடுக்கக் கூடிய கீரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கொழும்பிலே சில வருடங்கள் தொடர்மாடி வீடொன்றில் குடியிருந்தேன். மண் என்று சொல்ல ஐந்து பழைய வாளிகளில் நிரப்பிய மண்ணே எனக்கு இருந்தது. சந்தையில் வாங்கும் பசளிக் கட்டில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டை எறிவதுதானே வழக்கம்? அந்தத் தண்டில் இரண்டு கணு இருக்கும்படி வெட்டி, கீழ்க்கணு மண்ணுக்குள்ளும் மேற்கணு வெளியிலுமாக ஊன்றினால் ஒரு கிழமை, பத்து நாளில் வேர் பிடிக்கும். ஒரு மாதத்தில் முதற்கீரை கிள்ளலாம். பொன்னாங்காணி, கங்குன், புதினா எல்லாவற்றுக்கும் இதே முறைதான். வல்லாரைக் கட்டில் வேரோடு கூடிய ஓடு கொடி ஒன்றிரண்டு எப்படியும் கிடக்கும். அதை எடுத்து ஈர நிழலில் வைத்தால் வாளி நிறைந்துவிடும். கங்குன் நீரில் வளர்வது. சந்தைக் கங்குன் எந்த நீரில் வளர்ந்தது என்பதை நாம் அறியோம். வீட்டுக் கங்குன் குடித்த தண்ணீர் எது என்பதை அறிவோம். இலாபக் கணக்கிலே இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே இன்னொரு விடயம். தண்டுகளைப் போத்தலில் நீரூற்றி யன்னலோரம் வைத்து வேர் விடச் செய்வது இப்போது பலருக்கும் பிடித்த முறையாகிவிட்டது. பார்வைக்கு அழகுதான். ஆனால் தெளிந்த நீர் தேங்கி நிற்கும் போத்தல், டெங்கு நுளம்பு தேடித் திரியும் வீடும் ஆகும். 2017ஆம் ஆண்டிலே நமது நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானதை எவரும் மறந்திருக்க முடியாது. நீரில் வைப்பவர்கள் இரண்டு நாளுக்கொரு தடவை நீரைக் கொட்டி, போத்தலின் உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, புதுநீர் விட வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் நேரே மண்ணில் ஊன்றிவிடுவது நல்லது.

முளைப்பவை எல்லாம் முழுமையாகத் திரும்புவதில்லை என்பதையும் சொல்லாவிட்டால் இந்த உரை பாதி உண்மையாகிவிடும். கரட்டின் தலையை வெட்டித் தட்டில் நீர்விட்டு வைத்தால் பச்சை இலை துளிர்க்கும். சிறுவர்கள் ஒரு கிழமையில் இன்னொரு கரட் வருமென்று காத்திருப்பார்கள். வராது. கரட் என்பது அந்தச் செடியின் முதல் வேர். வெட்டிய பின் அந்த வேர் மீண்டும் பருப்பதில்லை. இலை வரும், குளிரான இடமாயின் பூவும் விதையும் வரலாம். பீட்ரூட்டுக்கும் முள்ளங்கிக்கும் இதுவே நியாயம். ஆனால் பீட்ரூட் இலை சுவையான கீரை என்பதால் அது நட்டமில்லை. லீக்ஸின் வேரடியை இரண்டு அங்குலம் விட்டு நட்டால் மேற்பகுதி மீண்டும் வளரும். கோவாவின் அடித்தண்டிலே சிறு சிறு இலைக்கொத்துகள் வரும், முழுக்கோவா வராது. உள்ளிப் பல்லை நமது தாழ்நிலத்தில் ஊன்றினால் தாள் கிடைக்குமே தவிர, பூண்டு திரளக் குளிர் போதாது. முளைவிட்ட பெரிய வெங்காயத்தை நட்டால் தாளும் பூந்தண்டும் வரும். சின்ன வெங்காயமோ ஒன்றை நட்டால் பலவாகப் பிரிந்து திரளும். யாழ்ப்பாணத்துக் கமக்காரர் அதைப் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்டு அடுத்த போகத்துக்கு விதையாக வைத்திருப்பதன் காரணம் அதுதான்.

விதைகளிலும் இப்படித்தான். தக்காளிப்பழ விதையை நட்டால் செடி நிச்சயம் வரும். ஆனால் சந்தைக்கு வருவதில் கலப்பினப் பழங்களும் உண்டு. அவற்றின் விதையில் பிறக்கும் செடிகள் தாயைப் போலக் காய்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பப்பாசி விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான உறையைக் கழுவி நீக்காவிட்டால் முளைப்பது தாமதமாகும். முளைத்தாலும் ஆணா பெண்ணா என்பது பூக்கும்போதுதான் தெரியும். ஆகவே ஒரு குழியில் மூன்று நான்கு கன்றுகளை விட்டுவைத்து, பூத்தபின் வேண்டாததைக் களைவது முறை. அன்னாசியின் குடுமியைத் திருகி எடுத்து, அடியிலைகளை உரித்து, இரண்டு மூன்று நாள் காயவைத்து நட்டால் வேர் பிடிக்கும். பழம் காணப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு அது நல்ல செடி.

இதெல்லாம் புதிதாக வந்த பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இருக்கின்றனர். அவர்களுக்கு நான் பனம்பாத்தியைக் காட்ட விரும்புகிறேன். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். பழத்தைப் பிசைந்து களியெடுத்துப் பணியாரம் சுடுவார்கள். களியைப் பாயிலே ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு ஆக்குவார்கள். அதன்பின் மிஞ்சுவது சூப்பித் தீர்ந்த கொட்டை. மணலை உயர்த்திப் பாத்தி கட்டி, அந்தக் கொட்டைகளை அடுக்கி, மேலே மண்ணிட்டு மூடுவார்கள். மழை விழுந்ததும் முளை கீழ்நோக்கி இறங்கும். மார்கழி, தையில் பாத்தியைக் கிண்டினால் கட்டுக்கட்டாகப் பனங்கிழங்கு. அதை அவித்து உண்ணலாம். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். ஒடியலை இடித்தால் கூழுக்கும் பிட்டுக்கும் மா. கிழங்கைக் கொடுத்த கொட்டையைப் பிளந்தால் உள்ளே இனிப்பான பூரான். அதையும் எடுத்தபின் எஞ்சும் ஊமல் அடுப்பெரிக்கும். கிண்டாமல் தப்பிய முளை வடலியாகி, ஒரு தலைமுறைக்குப் பின் பனையாக நிற்கும். எச்சத்தின் எச்சத்துக்கும் ஒரு பெயரும் ஒரு பயனும் வைத்திருந்த சமூகம் அது. ஊமல் என்ற சொல்லை இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் அறிவார்கள்? பொருள் கைவிட்டுப் போகும்போது சொல்லும் கூடவே போய்விடுகிறது.

நேயர்களே, வேலிக்குக் கதியால் போட்ட கைகளும் இதே அறிவுக்கு உரியவைதான். கிளுவையிலும் பூவரசிலும் தடி வெட்டி ஊன்றினால் அது துளிர்க்கும் என்பது தெரிந்திருந்தபடியால்தான், உயிருள்ள வேலி ஒன்றை நம்மவரால் ஒவ்வொரு வளவுக்கும் கட்ட முடிந்தது.

இந்த அறிவு எப்போது விலைமதிக்க முடியாததாகிறது என்பதை நமது நாட்டின் அண்மைக்கால வரலாறு பல தடவை காட்டியிருக்கிறது. 1970க்கும் 1977க்கும் இடையில் உணவுப்பொருள் இறக்குமதி இறுக்கப்பட்டபோது பாணுக்கு வரிசை நின்றது. மரவள்ளி பல வீடுகளின் சோறானது. வடக்கே வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டவர்கள் தலைநிமிர்ந்த காலமும் அதுவே. 1990களில் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இருந்தபோது, பசளையும் மண்ணெண்ணெயும் அரிதாகிய நிலையில் வளவுக்குள் முளைப்பதே நம்பிக்கையாயிற்று. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டின் பிற்பகுதியில் தடை தளர்த்தப்பட்டது. 2022 யூனில் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கவும் தீர்மானித்தார்கள். விடுமுறை கிடைத்தது; ஆனால் நடுவதற்கு ஒரு தண்டு, ஒரு கிழங்கு எத்தனை வீடுகளில் மிஞ்சியிருந்தது?

இவை எல்லாவற்றிலும் என் மனதில் ஆழமாகப் பதிந்தது மஞ்சளின் கதை. 2020ஆம் ஆண்டில் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டது. நாளாந்தம் கறியில் போடும் ஒரு பொருள் கிலோ பல ஆயிரம் ரூபாவுக்கு ஏறியது. கடலிலே மஞ்சள் மூடைகளோடு படகுகள் பிடிபட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் வாசித்தோம். அப்போது பலர் வீட்டில் இருந்த உலர்ந்த மஞ்சள் கட்டையை மண்ணில் வைத்துப் பார்த்தார்கள். அது முளைக்காது. கடையில் விற்கும் கட்டை அவித்துக் காயவைத்தது. அதன் கண் அவிந்துபோய்விட்டது. பச்சை மஞ்சள் வேண்டும்.

எங்கள் ஒழுங்கையிலே ஓர் ஆச்சியின் வீட்டுக் கிணற்றடியில் மாத்திரம் மஞ்சட்புதர் நின்றது. தைப்பொங்கலுக்குப் பானையில் கட்ட இலையோடு ஒரு செடி வேண்டும் என்பதற்காக அவர் வருடந்தோறும் கிண்டும்போது இரண்டு விரல் மஞ்சளைத் திரும்ப மண்ணில் வைத்துவிடுவார். அந்த வருடச் சித்திரையில் அவரிடம் கேட்டுப் போனவர்களுள் நானும் ஒருவன். நல்ல விலை தருவதாகச் சொன்னவர்களும் உண்டு. ஆச்சி விலை பேசவில்லை. கேட்டு வந்தவருக்கெல்லாம் ஒரு விரல் மஞ்சளை முறித்துக் கொடுத்தார். எனக்குத் தரும்போது, "தம்பி, இது கறிக்கில்லை, மண்ணுக்கு. தைக்குக் கிண்டேக்க நீயும் ரெண்டு பேருக்கு முறிச்சுக் குடுக்கோணும்" என்றார். அடுத்த தைப்பொங்கலன்று எங்கள் ஒழுங்கையில் பல பானைகளின் கழுத்தில் மஞ்சளிலை இருந்தது. அந்த ஒழுங்கையின் மஞ்சட்பஞ்சத்தைத் தீர்த்தது ஒருவர் வருடந்தோறும் உண்ணாமல் விட்ட இரண்டு விரல் மஞ்சள்.

இதனால் சந்தைக்குப் போகாமலே இருந்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து வாளிக் கீரை ஒரு குடும்பத்தின் பசியைத் தீர்க்காது. வெட்டித் துண்டுகளால் நெல் விளையாது. ஆனால் வயலுக்குத் தடை வந்த காலத்திலும், கப்பலுக்குத் தடை வந்த காலத்திலும் வீட்டுக்கு வீடு நாற்றுமேடையாக இருந்தது அடுப்படிக் கோடிப்புறம்தான். அதைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். விதைநெல்லைக் குத்தி உண்ணக் கூடாது என்ற கமக்காரனின் நெறியை, அவர்கள் இஞ்சித் துண்டுக்கும் பசளித் தண்டுக்கும் பொருந்தும்படி செய்து காட்டினார்கள். முழுவதையும் உண்டு தீர்க்காமல் நாளைக்கென்று ஒரு கண்ணை விட்டு வைப்பதே அந்த நெறி.

தொல்காப்பியத்தின் மரபியலிலே, பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய இளமைப் பெயர்களை ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளுக்கும் வழங்கலாம் என்று இடம் தரப்பட்டிருக்கிறது. அந்த மரபு நம் பேச்சில் இன்னும் அறுந்துபோகவில்லை. தென்னம்பிள்ளை என்கிறோம், மாங்கன்று என்கிறோம், வாழைக்குட்டி என்கிறோம். ஒரு குலத்தின் தொடர்ச்சியை வாழ்த்த வேண்டுமானால் வாழையடி வாழையாக என்று வாழ்த்துகிறோம். பெயரிலே பிள்ளை என்று வைத்துவிட்டு, வெட்டுப்பலகையிலே அதன் கண்ணைக் காணாமல் போவது நமது மொழிக்கு நாமே செய்யும் குறை.

நாளைக்கு மரக்கறி வெட்டும்போது, கஞ்சலைக் கூட்டி அள்ளுமுன் ஒருதரம் பாருங்கள். கணுவுள்ள ஒரு பசளித் தண்டு, கண் திறந்த ஓர் இஞ்சித் துண்டு, ஏதாவது ஒன்று கிடக்கும். அதை ஒரு சிரட்டை மண்ணிலேனும் ஊன்றி வையுங்கள். வேர் பிடித்ததும் பக்கத்து வீட்டுக்கு ஒரு துண்டு முறித்துக் கொடுங்கள். உங்கள் செடி ஒருநாள் பட்டுப்போனாலும், திரும்பப் போய்க் கேட்பதற்கு ஒரு வீடு இருக்கும்.